ஈரநீக்கியும் வெற்றுத் தொட்டியும்

மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பொழிகையில், யட்டவத்த வீடுகளிலே புத்தகங்களிற் பூஞ்சணம் படர்வது புதிதன்று. தந்தையார் விட்டுச்சென்ற நூல்களைக் காக்க ஈரநீக்கி வாங்கிய அன்பரொருவர், “நாளொன்றுக்கு 20 லீற்றர் என்றார்கள், தொட்டியில் 2 லீற்றருமில்லையே!” என நம்மிடம் முறையிட்டார்.

அந்த 20 லீற்றர் பெரும்பாலும் 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள சோதனை அறையில் அளந்த கணக்கு. 30 பாகையில் ஒரு கன மீற்றர் வளி ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமே. குளிர்ந்த இரவிலே விளைச்சல் குறைவது இயல்பே. ஆயினும் இத்துணைக் குறைவு ஐயத்துக்குரியது.

வளி குளிர்ச்சுருளைத் தொட்டாலன்றி நீர் சொட்டாது. வடிகட்டியில் தூசி அடைந்தால் வளியோட்டம் தளரும். சுருளில் உறைபனி படியும். பொறியை நிறுத்திப் பனியை உருகவிட்டு, வடிகட்டியைக் கழுவி உலர்த்துக. வெப்பமான அறையிலும் மீண்டும் பனி படிந்தால் குளிர்வாயு கசிந்திருக்கலாம். அது தொழில்வல்லார் வேலை.

ஈரமானியையும் சோதித்தல் வேண்டும். மாணவர்காள், ஒரு மூடியில் நனைந்த கறியுப்பை இட்டு, ஈரமானியோடு காற்றுப்புகாப் பையில் ஓரிரவு வையுங்கள். 75 சதவீதம் காட்டவேண்டும். அறையில் அது 50 காட்டினால், தொட்டி வெறுமையாயிருத்தல் குறையன்று; எடுக்க நீரில்லை.

அன்பர் வீட்டில் 78 காட்டிற்று. வடிகட்டியோ கம்பளம்போற் கிடந்தது!