"சிறு" தடம்புரள்வு யாருக்குச் சிறியது?

மலையகப் பாதையில் கோச்சி தண்டவாளத்தை விட்டு இறங்கினால் வரும் செய்தி எப்போதும் ஒரே அச்சுத்தான். "சிறு தடம்புரள்வு. யாருக்கும் காயமில்லை. சேவைகள் நானுஓயா வரை மட்டும்." நாமும் கீழே அல்ஹம்துலில்லாஹ் போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுகிறோம். உயிர் தப்பியதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் "சிறு" என்ற சொல்லை விழுங்க முடியவில்லை.

அங்கே இருப்பது ஒற்றைப் பாதை. ஒரு பெட்டியின் இரண்டு சில்லு இறங்கினாலே அதற்கு அங்கால் எல்லாம் நிற்கும். எல்ல பார்க்க வந்த வெளிநாட்டவருக்கு ஹோட்டலில் இருந்து வேன் வரும். பட்டிப்பொல, ஒஹிய பக்கத்துச் சனத்துக்கு யார் வேன் அனுப்புவது? சீசன் டிக்கெட்டோடு நிற்கும் ஆசிரியைக்கும், கிளினிக் நாள் தவறிய தாய்க்கும், மரக்கறி மூட்டையோடு காத்திருக்கும் மனிதனுக்கும் இது சிறு விஷயமா?

நானுஓயாவுக்கு 1885 இலும் பதுளைக்கு 1924 இலும் வந்து சேர்ந்த பாதை இது. 44 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவு, சுமார் 100 மீற்றர் ஆரையுள்ள வளைவுகள். இப்படியான வளைவில் சிலிப்பர் கட்டை உக்கினால் ஆணி பிடிக்காது, தண்டவாளம் விலகும், சில்லு உள்ளே விழும். கான் அடைபட்டால் மழைத் தண்ணீர் சல்லியை அரித்துக்கொண்டு போகும். இதில் மர்மம் எதுவுமில்லை, பராமரிப்புத்தான் விஷயம். இன்று மெதுவாகப் போனதால் "சிறு" ஆனது. அதே பழுது நாளை பள்ளத்தின் ஓரத்தில் இருந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

ஒரு பிள்ளை ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் பிழைவிட்டால் எந்த ஆசிரியரும் "சிறு பிழை" என்று விடமாட்டார். கொப்பியைத் திறந்து எந்தப் படியில் பிழைத்தது என்று பார்ப்பார். புகையிரதத் திணைக்களத்தின் கொப்பியை நமக்கு யார் திறந்து காட்டுகிறார்?

"டொலர் வருகிற பாதை, குறை சொல்லாதீர்கள்" என்பார்கள். டொலர் வருவதால்தான் கேட்கிறோம். எல்ல டிக்கெட்டுகள் நொடிகளில் மறைந்த கதை 2025 ஆரம்பத்தில் சீஐடி விசாரணை வரை போனது. ஆசனத்துக்கு அவ்வளவு கிராக்கி உள்ள பாதையில் சிலிப்பர் மாற்றக் காசில்லை என்றால் யார் நம்புவது? பழியை மட்டும் சாரதியின் தலையிலும், மழையில் பாதை பார்க்கும் தொழிலாளியின் தலையிலும் போடாதீர்கள்.

கேட்பது மூன்றுதான். ஒவ்வொரு தடம்புரள்வின் விசாரணை அறிக்கையையும் மூன்று மொழியிலும் வெளியிடுங்கள். சுற்றுலா ஆசன வருமானத்தில் ஒரு பங்கை அதே பாதைக்கு ஒதுக்குங்கள். கோச்சி நின்றால் சீசன் டிக்கெட்டை ஏற்கும் பஸ்ஸை உடனே விடுங்கள்.

ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்துப் போடும் நம் பிள்ளைகளே, அடுத்த படத்துக்குக் கீழே இந்த மூன்றையும் எழுதுங்கள். பாலம் அழகுதான். அதன் மேல் போகிறவர்கள் வீடு போய்ச் சேரவும் வேண்டும்.