குறியீடு யாருடையது?

பேரி மரம் என்றால் காதல், கோவேறு கழுதை என்றால் அடிமைத்தனம், அடிவானம் என்றால் விடுதலை. கறுப்பினப் பெண்ணொருத்தி தன்னைத் தேடிச் செல்லும் கதையாகிய, ஸோரா நீல் ஹர்ஸ்டனின் ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ (1937) நாவலை இப்படி வாய்பாடாக்கி மாணவர்க்கு ஊட்டும் முறையை நான் வன்மையாக மறுக்கிறேன். குறியீட்டின் பொருளைக் கேட்குமுன், அது யாருடையது என்று கேட்க வேண்டாமா?

கறுப்பினப் பெண் உலகின் சுமைகளைத் தாங்கும் கோவேறு கழுதை என்ற எண்ணம் கதைத்தலைவி ஜேனியினுடையதன்று. அடிமையாய் வாழ்ந்த அவள் பாட்டியினுடையது. தன் பட்டறிவையே பேத்திக்கு விதியாக்கிய பாட்டி, 60 ஏக்கர் நிலமுள்ளவனுக்கு அவளை மணமுடிக்கிறாள். அவனோ அவளையும் ஏர் பிடிக்க வைக்க இன்னொரு கழுதை வாங்கப் போகிறான். இரண்டாம் கணவன் ஜோ ஸ்டார்க்ஸ், ஈட்டன்வில் நகரத் தலைவன். ஊரார் வதைத்த கிழட்டுக் கழுதையொன்றை விலைக்கு வாங்கி ஓய்வாக உலவவிடுகிறான். அதற்காக அவனைப் புகழ்ந்து ஜேனி பேசுகிறாள். அவள் பேச வல்லவள் என்பதை ஊர் அன்றுதான் அறிகிறது! பின்னர் அக்கழுதை செத்து, ஊரே கூடிக் கேலியாக இறுதிச் சடங்கு நடத்தியபோது, அவ்விடம் செல்ல அவளுக்கு அனுமதியில்லை. கழுதைக்குக் கிடைத்த விடுதலை மனைவிக்கு இல்லை. எந்த வாய்பாட்டில் இதை அடக்குவது? அவள் கூந்தலை மூடிக் கட்டச் செய்தவனும் அவனே. அவனை அடக்கம் செய்த அன்றிரவே அவள் தலைத்துணிகளையெல்லாம் எரித்துவிடுகிறாள்.

பேரி மரமோ வேறு. 16 வயதில், பூத்த மரத்தடியில் கிடந்து தேனீக்களைப் பார்த்து, கூடிவாழ்தல் இன்னதென அவளே உணர்ந்தது அது. கழுதை பிறர் தந்தது. மரம் அவள் கண்டது. நாவலின் போராட்டமே இவ்விரண்டுக்கும் இடையில்தான்.

இந்நூலில் கருத்தோ செய்தியோ இல்லையென ரிச்சர்ட் ரைட் 1937இலேயே ஒதுக்கினார். ‘சமுதாயத்துக்கு என்ன சொல்கிறது?’ என்று ஒவ்வொரு கதையையும் மிரட்டும் நம் திறனாய்வாளர் அவருக்கு வாரிசுகள்.

நம் தோட்டப்புற எழுத்துக்கு வருவோம். கீறலைத் தாங்கிப் பால் சுரக்கும் ரப்பர் மரத்தைப் பெண்ணுக்கு உவமையாக்கிக் கண்ணீர் வடித்த கதைகள் எத்தனை! விடியுமுன் பிரட்டுக்கு நின்று, வாளிகளைச் சுமந்து நடந்தவள் மரமல்லள், கத்தி பிடித்தவள். வெட்டின் ஆழமும் பட்டையின் பதமும் அறிந்த அக்கையை மறைத்துவிட்டு, அவளை வெட்டுப்படும் மரமாக்கியவர் யார்? பாமா தம் தன்வரலாற்றுக்கு அப்படிப் பெயர் தேடவில்லை. விறகு பொறுக்கிய சிறுவயதில் தம்மைக் கீறிய பனங்கருக்கையே 1992இல் ‘கருக்கு’ எனத் தலைப்பாக்கினார். கீறியது அவர் கையில் ஆயுதமாயிற்று.

தம்போயில் இன்று தொழிற்பேட்டையும் அடுக்குமாடிகளும். அங்கே படிக்கும் மாணவி பால்வெட்டைக் கண்டிராமலே இருக்கலாம். அவளிடமும் ரப்பர் மரம் தாய்மையின் சின்னமென்று எழுதி வாங்குகிறோம். ஆசிரியப் பெருமக்களே, இரவு வேலை முடித்துவரும் அம்மாவின் சீருடையையோ மாடிப்படியில் நின்றுபோன மின்தூக்கியையோ அவள் எழுதி வந்தால், ‘இது இலக்கியக் குறியீடன்று’ என்று சிவப்பு மையால் அடிக்காதீர்கள்.