தொகையைப் பார்க்காதீங்க, ஆஸ்பத்திரியைப் பாருங்க!

"இந்தா, இந்த ஃபாரத்துல பசங்க பேரு, பிறந்த தேதியை மட்டும் எழுதிக் கொடு. நாளைக்கு ஆபீஸ்ல கொடுக்கணும்" என்று உங்கள் வீட்டுக்காரர் ஒரு தாளை நீட்டுகிறார். பார்த்தால், குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ். மூன்று கம்பெனி, மூன்று கொட்டேஷன். "ஏங்க, எது நல்லது?" என்று கேட்டால், "எது சம்பளத்துல கம்மியா பிடிக்குதோ அதுதான்" என்று பதில் வருகிறது. அடுப்பில் குழம்பு கொதிக்கிற அவசரத்தில் நீங்களும் எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

ஒரு நிமிஷம்! அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

காரைக்கால் நகராட்சியிலும், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் வேலை பார்ப்பவர்களின் வீடுகளுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு பாலிசி உங்கள் முன்னால் வந்தால், நீங்கள் கடைசியாகப் பார்க்க வேண்டியது பிரீமியம். முதலில் பார்க்க வேண்டியது ஆஸ்பத்திரிப் பட்டியல்.

ஏன்? நம்ம ஊர் வரைபடத்தைக் கொஞ்சம் மனசில் கொண்டுவாருங்கள். மூன்று பக்கமும் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். நமக்குத் தலைநகரமான புதுச்சேரிக்குப் போக வேண்டுமானால் தமிழ்நாட்டு வழியாகவே 130 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு மாமனாருக்கு நெஞ்சு வலித்தால் அவ்வளவு தூரமா போவீர்கள்? முதலில் காரைக்கால் அரசு பொது மருத்துவமனை. அங்கே முடியாது என்றால் நாகப்பட்டினம், திருவாரூர், கும்பகோணம், தஞ்சாவூர். நம் உயிர் காக்கிற ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் டெண்டரும் பேச்சுவார்த்தையும் புதுச்சேரியில் நடந்தால் பட்டியல் எப்படி இருக்கும்? புதுச்சேரியிலும் சென்னையிலும் பக்கம் பக்கமாக இருக்கும். நமக்கு ஒரு மணி நேர தூரத்தில் எத்தனை என்று தேடினால் ரெண்டோ மூணோ! "இந்தியா முழுக்க ஆயிரக்கணக்கான ஆஸ்பத்திரி" என்று ஏஜென்ட் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்த ஆயிரமும் நமக்கு எதற்கு?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கையில் கார்டு இருக்கிறது என்ற தைரியத்தில் பெரியவரைக் காரில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கவுன்டரில், "இந்தக் கம்பெனியோட ஒப்பந்தம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே" என்று சொல்லிவிட்டார்கள். பட்டியலில் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது! அன்று ராத்திரி மருமகளின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

"லிஸ்ட்ல இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போனா பணம் வராதா?" என்று கேட்பீர்கள். கேஷ்லெஸ் கிடைக்காவிட்டாலும், நாம் கட்டிவிட்டு பில் வைத்து வாங்குகிற வழி பல பாலிசிகளில் உண்டு. 2024 ஜனவரியில் 'எங்கும் கேஷ்லெஸ்' என்று ஒரு ஏற்பாட்டையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கொண்டுவந்தன. ஆனால் அதற்கு அந்த ஆஸ்பத்திரியும் சம்மதிக்க வேண்டும். கோர்ட் விஷயமும் சொல்கிறேன். மத்திய அரசிலிருந்து ஓய்வு பெற்ற சிவகாந்த் ஜா தொடுத்த வழக்கில், பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நல்ல தீர்ப்புதான். அது மத்திய அரசு சுகாதாரத் திட்டம் பற்றியது என்பதையும், சுப்ரீம் கோர்ட் வரை போக நம்மால் முடியுமா என்பதையும் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, கையெழுத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் மாரடைப்பு, பிரசவம், எலும்பு முறிவு, டயாலிசிஸ், குழந்தைக்குக் கடும் காய்ச்சல் என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், பட்டியலில் உள்ள, ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஆஸ்பத்திரி ஒன்றை எழுதுங்கள். எழுத முடியாமல் காலியாக நின்றால் அந்தத் திட்டம் உங்களுக்கானது இல்லை. எழுத முடிந்தால், அந்த ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு "இந்தக் கம்பெனிக்கு இப்போ கேஷ்லெஸ் தர்றீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். பத்து நிமிஷ வேலை!

அடுத்தது ரூம் வாடகை. ரொம்பப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். மூன்று லட்ச ரூபாய் பாலிசி. ஒரு நாள் வாடகை தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று உள்ளே ஒரு வரி இருக்கும். நீங்கள் 5,000 ரூபாய் ரூமில் நாலு நாள் இருக்கிறீர்கள். வித்தியாசம் 8,000 தானே, கட்டிவிடலாம் என்று நினைப்பீர்கள். அங்கேதான் இடிக்கும். டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸ் செலவெல்லாம் 60,000 என்றால், அதிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். ஐந்துக்கு மூன்று பங்கு, 36,000 தான் கிடைக்கும். மீதி 24,000 உங்கள் தலையில். ஆக 32,000 ரூபாய்! (மருந்து, டெஸ்ட், உடம்புக்குள் வைக்கிற கருவிகளில் இந்த வெட்டு கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் சொன்னது.) மாதம் ஐம்பது ரூபாய் கூடுதலாகப் பிடித்தாலும் வாடகை வரம்பு இல்லாத திட்டத்தை எடுங்கள் என்பேன்.

குரூப் பாலிசியின் பெரிய வரம், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரைக்கும் பிரஷருக்கும் முதல் நாளிலிருந்தே கவர் வாங்க முடியும் என்பது. தனியாக எடுத்தால் மூன்று வருஷம் வரை காக்க வைக்கலாம். ஆனால் குரூப் என்றாலே தானாக வந்துவிடாது. "காத்திருப்புக் காலம் இல்லை" என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். தனிப் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது, குரூப்புக்கு அந்தச் சலுகை வரவில்லை. ஆகவே கொட்டேஷனில் உள்ள தொகை வரி சேர்த்ததா என்றும் கேளுங்கள்.

அப்பா அம்மா? எல்லையைத் தாண்டிப் பாருங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் திட்டத்தில் உள்ளாட்சி ஊழியர்களும் உண்டு. 2012-ல் மாதம் 150 ரூபாய் பிடித்து நாலு வருஷத்துக்கு 4 லட்சம்; 2021-ல் 300 ரூபாய், 5 லட்சம். ஆனாலும் கல்யாணமான ஊழியரின் பெற்றோர் அதில் குடும்பம் ஆகமாட்டார்கள்! நம் வீட்டில் ஆஸ்பத்திரி செலவு யாருக்கு அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோருக்கு 70 வயது ஆகியிருந்தால் ஒரு வழி இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத்தில் வருஷம் 5 லட்சம் வரை அவர்களுக்கு உண்டு. அந்தக் கார்டை எடுத்துவிட்டால், குரூப்பில் அவர்களுக்காகக் கூடுதல் பிரீமியம் கட்டுவது அவசியமா என்று யோசிக்கலாம். அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு அந்த வழி இல்லை. அவரை குரூப்பில் சேர்க்கச் சொல்லி சங்கத்தில் சண்டை போடத்தான் வேண்டும்.

அதே தமிழ்நாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நல்லதும் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு ஒரே ஒப்பந்தம் போடுகிறார்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கிற குரூப்பில், கிளெய்ம் கூடினால் அடுத்த வருஷம் பிரீமியம் ஏறும், கம்பெனி மாறும், கம்பெனி மாறினால் ஆஸ்பத்திரிப் பட்டியலும் மாறும். சின்ன குரூப்பில் நாலு பேருக்கு பைபாஸ் நடந்தாலே கணக்கு கவிழ்ந்துவிடும். ஒரு கொம்யூன் பஞ்சாயத்து தனியாகப் போய் பேரம் பேசினால் எந்தக் கம்பெனி மதிக்கும்? புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து. எல்லோரும் சேர்ந்து ஒரே பாலிசி கேட்கட்டும். கேரளத்துக்குள் இருக்கிற மாஹேவுக்கும், ஆந்திரத்துக்குள் இருக்கிற ஏனாமுக்கும் நம்முடைய அதே தலைவலிதான்! பக்கத்து மாநில ஆஸ்பத்திரிகள் ஊர்வாரியாகப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று மூன்று ஊரும் சேர்ந்து நிபந்தனை போடலாம்.

கவுன்சிலரைப் பிடித்துக் கேட்கலாம் என்றால், 2006-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு பல வருஷம் நிர்வாகம் அதிகாரிகள் கையில்தான் இருந்தது. ஆகவே கேட்க வேண்டியது ஊழியர் சங்கம்தான்.

அந்தச் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை திருநள்ளாற்றில் கூட்டம் கலைந்த பிறகு குப்பை அள்ளுகிறவர்களில் கான்ட்ராக்ட் ஆட்கள் இருந்தால், அவர்கள் பெயர் உங்கள் குரூப்பில் வராது. அவர்களுக்கு கான்ட்ராக்டர் இ.எஸ்.ஐ. கட்டுகிறாரா என்று யாராவது விசாரிக்க வேண்டாமா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கானது அது.

ரிட்டயர்மென்டுக்கு ஒன்றிரண்டு வருஷம் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். வேலை முடிந்தால் குரூப் கவரும் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் பென்ஷன்காரர்களுக்கென்று 2014-ல் தனித் திட்டமே கொண்டுவந்தார்கள். இங்கே உங்கள் குரூப்பில் அப்படி எதுவும் இல்லையென்றால், அதே கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற விதிகளில் இடம் இருக்கிறது. கம்பெனி சம்மதித்தால்தான் நடக்கும். கடைசி நாளில் மாலை போட்டுக்கொண்ட பிறகு ஓடாமல், முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ஃபாரத்தை எடுங்கள். பேரை எழுதும் முன், "ஏங்க, ஆஸ்பத்திரி லிஸ்ட் எங்கே?" என்று கேளுங்கள். ஆபீஸில் கொடுக்கவில்லை என்று சொன்னால், நாளைக்கு ஃபாரம் போக வேண்டாம், லிஸ்ட் வரட்டும்.