கழுவியதால் செத்த மீன்கள்



பேரன் கேட்டானென்று வீட்டில் ஒரு மீன்தொட்டி வைத்தோம். பத்துக் கப்பி மீன்கள். இரண்டு மாதம் துள்ளித் திரிந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்தது. தண்ணீர் முழுவதையும் மாற்றி, கற்களைத் தேய்த்து, ஃபில்டரின் ஸ்பொஞ்சைப் பைப்படியில் பிடித்துக் கறுப்பெல்லாம் போகும்வரை பிழிந்தேன். மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வாரம் முடியுமுன் ஏழு போய்விட்டன. தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருந்தது.

மீன் விற்ற பையனிடம் முறையிட்டேன். “அந்த ஊத்தைதான் சேர் ஃபில்டரே” என்று சிரித்தான்.

அவன் சொன்னது சரிதான். மீனின் கழிவு அமோனியா. மீனுக்கு அதுவே நஞ்சு. ஸ்பொஞ்சில் குடியேறிய பக்டீரியாக்களில் ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். நைத்திரைற்றும் ஆபத்தானதுதான், கடைசியில் வரும் நைத்திரேற்றை மீன் ஓரளவு தாங்கும். இந்தப் பக்டீரியாக்கள் அமோனியாவையும் நைத்திரைற்றையும் வைத்தே பிழைக்கின்றன என்று விநோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் 1890 வாக்கில் கண்டுபிடித்தார். நம் குடலில் இருக்கும் சில கிருமிகள் தகுந்த சூழல் கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். இரண்டு மாதமாக வளர்ந்த குடியை நான் குளோரின் கலந்த பைப் தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் காலி பண்ணியிருக்கிறேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம் கண்டியும் ஒரு தொட்டிதான். கண்டி வாவியிலிருந்து வழியும் நீர் மெத எல என்ற கால்வாயாக நகரத்தின் நடுவே ஓடி, கடைகளின் பின்புறக் கழிவையும் வீடுகளின் கழிவையும் வாங்கிக்கொண்டு கெட்டம்பேயில் மகாவலி ஆற்றில் விழுகிறது. அதே மகாவலியிலிருந்துதான் நமக்குக் குடிநீரும் எடுக்கிறார்கள். ஆற்றில் அமோனியா கூடினால் குளோரின் கிருமியைக் கொல்லுமுன் அமோனியாவோடு மல்லுக்கட்டுகிறது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசனைத் தீர்க்க எட்டு முதல் பத்து மில்லிகிராம் குளோரின் போகும். வாவி தன் பங்குக்கு 1999 மே மாதத்தில் எச்சரித்தது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற பாசி முதன்முறையாகப் பெருகி, தண்ணீரின் மேல் பச்சைப் பெயின்ற் ஊற்றினாற்போலப் படர்ந்தது. நைதரசனும் பொஸ்பரசும் அதற்குச் சோறும் கறியும்.

கன்னொறுவையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்த கதை இதன் தொடர்ச்சிதான். 2010இல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கடன் கொடுத்தது. நாளொன்றுக்கு 14,000 கனமீற்றர் கழிவுநீரை ஏற்கும் அளவில் கட்டினார்கள். அங்கே பயன்படும் ஒட்சியேற்றக் கால்வாய் என்ற முறையை 1954இல் நெதர்லாந்தின் வோர்ஷோட்டன் என்ற ஊரில் பாஸ்வீர் என்பவர் முதலில் ஓடவிட்டார். ஓட்டப்பந்தயத் தடம் போன்ற நீள்வட்டக் கால்வாயில் கழிவுநீர் சுற்றிச் சுற்றி வரும். காற்று அடிக்கும் இடத்தில் நம் ஸ்பொஞ்சுக் கூட்டம் அமோனியாவை நைத்திரேற்றாக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் ஒட்சிசன் தீர்ந்துவிடும். அங்கே வேறொரு கூட்டம் மூச்சுக்கு வழியில்லாமல், நைத்திரேற்றிலிருக்கும் ஒட்சிசனைப் பிடுங்கிச் சுவாசிக்கும். மிச்சமான நைதரசன் குமிழியாகி மேலே போகும். காற்றில் 78 சதவீதம் ஏற்கெனவே அதுதானே. எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த காரியம் இதுதான். நைதரசனைப் போக்கத் தனி மருந்து வேண்டாம்.

ஆனால் நாம் குசினித் தொட்டியிலும் கழிவறையிலும் ஊற்றுவதெல்லாம் அந்தப் பக்டீரியாக் கூட்டத்தின் தலையில்தான் விழுகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் போத்தல் போத்தலாகக் கழிவறையில் பிளீச் கொட்டும் வீடுகள் எனக்குத் தெரியும். எங்கள் வீடும் அதிலொன்றாக இருந்தது. வடை சுட்ட எண்ணெய் குழாயில் போய்க் கட்டியாகி அடைக்கிறது. கழிவுக்குழாய் வாசலால் போயும் இணைப்பு எடுக்காமல் பழைய குழியோடு காலம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். இணைப்புக் காசு கொஞ்சம் கடிக்கும், மறுக்கவில்லை.

உங்களிடம் மூன்றே கேட்கிறேன். எண்ணெயை ஆறவிட்டுப் பழைய பத்திரிகையில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். பிளீச்சை அளந்து ஊற்றுங்கள். குழாய் உங்கள் வீதிக்கு வந்திருந்தால் மாநகரசபையில் விசாரித்து இணைப்பு எடுங்கள்.

மிச்சம் மூன்று கப்பியும் நலம். ஸ்பொஞ்சை இப்போது தொட்டித் தண்ணீரிலேயே அலசுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்