பழுப்பு டகோட்டா

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு வீடு திரும்பியதும் அக்கா பையன் செல்போனை நீட்டினான்.

"மாமா, மதுரையில எடுத்த ஏர்பஸ்! பழுப்பாக்கிட்டேன். 1932 மாதிரி இல்ல?"

1932-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது ஒற்றை எஞ்சின் புஸ் மாத். பழைய ப்ரொப்பெல்லர், திரண்ட மேகம் என்றால் பழுப்பு எடுபடும். ஜெட்டுக்குப் பூசினால் தாத்தா ஆகிவிடுமா? நீல வானம் போச்சு, அவ்வளவுதான்!

அலமாரியிலிருந்து சித்தப்பாவின் படத்தை எடுத்தேன். விமானப்படைச் சீருடை, பின்னால் டகோட்டா. ஸ்டூடியோக்காரர் அழுகிய முட்டை நாற்றத்தைச் சகித்து ஸெபியா பண்ணியது. படத்தின் வெள்ளி, வெள்ளி சல்ஃபைடாகிவிடும், லேசில் மங்காது. அழகுக்கு மட்டுமில்லை, ஆயுசுக்கும்!

அவருடைய கலியாணக் கலர் படத்தில் முகமே வெளுத்துவிட்டது. சித்தப்பாவும் போய்விட்டார். இதில்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பையன் பேசாமல் ஏர்பஸ்ஸுக்கு நீலத்தைத் திருப்பிக் கொடுத்தான்.