கார் இரவே ஒழுங்கையைப் பார்த்து நிற்கட்டும்



காலை 7 மணிக்கும் ஏழரைக்கும் இடையில் நம்ம ஊர் ஒழுங்கைகளைப் பாருங்கள். நடந்து போகும் பிள்ளைகள், சைக்கிள், ஓட்டோ, மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பறக்கும் வாப்பாமார். அதே நேரத்தில்தான் இரண்டு மதில்களுக்கு நடுவிலிருந்து கார்கள் ரிவர்ஸில் வெளியே வருகின்றன. ஓட்டுபவர் ஒழுங்கையைக் காண முன்பே காரின் பின்பாதி ஒழுங்கைக்குள் வந்துவிடுகிறது.

என் கருத்து இதுதான். மாலையில் வீடு வந்ததும் காரை ரிவர்ஸில் உள்ளே விடுங்கள். காலையில் முன்னால் பார்த்தபடி வெளியே வாருங்கள்.

"களைத்து வரும்போது யார் ரிவர்ஸ் போடுவது?" என்று கேட்பீர்கள். எப்படியும் நாளுக்கு ஒரு தடவை ரிவர்ஸ் போடத்தான் வேண்டும். அதை அவசரமில்லாத நேரத்தில், நம்முடைய வளவுக்குள் போடுவோம் என்றுதான் சொல்கிறேன்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. காரைத் திருப்புவது முன் டயர்கள். ரிவர்ஸில் உள்ளே போகும்போது அந்த முன்பக்கம் வளைவதற்கு ஒழுங்கையில் இடம் இருக்கிறது. ரிவர்ஸில் வெளியே வரும்போதோ முன்பக்கம் தூண்களுக்கு நடுவில் இருக்கும். பின்பக்கத்தை இடப்பக்கம் திருப்பினால் முன் பம்பர் வலப்பக்கத் தூணை நோக்கிப் போகும். பம்பர் கீறுப்படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

செய்யும் முறை கஷ்டமில்லை. கேட்டுக்கு வெளியிலேயே காரை நேராக்கிக்கொள்ளுங்கள். இரண்டு சைட் மிரரிலும் காருக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி ஒரே அளவாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் நெருங்கினால் ஸ்டேரிங்கை இடம் கூடின பக்கம் கொஞ்சமாகத் திருப்பி, உடனே நேராக்குங்கள். கோணல் அதிகமென்றால் உள்ளுக்குள் நின்று போராட வேண்டாம். முன்னால் எடுத்துத் திரும்ப வாருங்கள். சீமெந்துத் தரையில் டயர் போகும் வழிக்கு ஒரு வெள்ளைக்கோடு அடித்துவிட்டால் மிரரில் பார்த்தே போகலாம். நிறுத்தும்போது முன் டயர்கள் நேராக இருக்கட்டும். காலையில் வெளியே வரும்போதும் பின் டயர் தூணுக்குக் கிட்ட வரும்வரை நேராக வாருங்கள். முந்தித் திருப்பினால் பின் கதவு உரசும்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். மாலையில் கார் வந்ததும் "வாப்பா" என்று ஓடி வருவது நம்முடைய பிள்ளைதான். குந்தியிருக்கும் சின்னப் பிள்ளை எந்த மிரரிலும் தெரியாது. அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்கள் மெதுவாகப் போகும்போது சத்தம் குறைவாகவே இருக்கும். கெமரா இருக்கிறது என்று இருந்துவிடவும் வேண்டாம். மழைத்துளி பட்டால் அதுவும் மங்கிவிடும். ஆகவே பெரியவர் ஒருவர் பிள்ளையின் கையைப் பிடித்த பிறகுதான் கார் அசைய வேண்டும். உம்மாமாரும் இதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று வகுப்பில் படித்துக் கொடுக்கிறோம். கல்லையும் முள்ளையும் மட்டும் நினைத்துக்கொள்கிறோம். காலையில் நம்முடைய கேட்டிலிருந்து கண் தெரியாமல் வெளியே வரும் காரும் அந்தத் தொல்லைதான்.

இன்ஷா அல்லாஹ், இன்று மாலையே தொடங்குவோம். முதல் ஒரு கிழமை நேரம் எடுக்கும். பிறகு கை பழகிவிடும்.