சால்வை இருக்கட்டும், எண்பது சதவீதம் எங்கே?



மே மாதம் வந்தால் அமெரிக்காவில் மனநல விழிப்புணர்வு மாதம். 1949லிருந்தே இது நடக்கிறது. நம் தமிழ் அமைப்புகளும் இப்போது சேர்ந்துகொண்டன: ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு மனநல மருத்துவரின் பேச்சு, கேள்வி நேரம், பிறகு பொன்னாடை, கேடயம், குரூப் போட்டோ. டிப்ரஷன் என்ற சொல்லை மேடையில் உச்சரிக்கவே கூசிய சமூகம் இது. அந்த அளவில் நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் நம் பிள்ளைகளை அன்றாடம் தாங்கிப் பிடிக்கும் ஆட்கள் பெரும்பாலும் அந்த மேடைக்கு வருவதில்லை. பள்ளிக் கவுன்சிலர், சோஷியல் ஒர்க்கர், வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென்று பேசாமல் போனதைக் கவனிக்கும் டீச்சர், தன் வயதுப் பிள்ளைகளுக்காக மைக் முன்னால் போய் நிற்கும் மாணவர். இவர்களுக்குத் தேவை நேரம், ஆள்பலம், வாயைத் திறந்தால் வேலை போகாது என்ற உறுதி. ஒருவரை மதிப்பது என்றால் அவரை அவருடைய வேலையைச் செய்ய விடுவது. இதை நான் பிறந்து வளர்ந்த கேட்டியை வைத்தே சொல்கிறேன்.

கேட்டி ஐஎஸ்டியில் 90,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். எனர்ஜி காரிடார் வேலையை நம்பி வந்த நம் குடும்பங்கள் "ஸ்கூல் நல்லா இருக்கு" என்றுதான் இங்கே வீடு வாங்குகின்றன. அந்த நல்ல ஸ்கூலுக்குள் ஒரு கவுன்சிலர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று எந்த அப்பாவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர் சங்கம் ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் என்று பரிந்துரைக்கிறது. டெக்சஸின் சராசரி அதைவிட வெகு அதிகம்.

எண்ணிக்கை பாதிக் கதைதான். நான் சோஷியல் ஒர்க் முதுகலை படிக்கிறேன். பயிற்சிக்காக வாரத்தில் இரண்டு நாள் ஒரு பள்ளியில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். ஸ்டார் தேர்வு வந்தால் அங்கே கவுன்சிலர் செய்வது தேர்வு வேலை: அறை ஒதுக்குவது, பட்டியல் சரிபார்ப்பது, கண்காணிக்க ஆள் போடுவது. வெளியே நாற்காலியில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். மணி அடிக்கும். பிள்ளை எழுந்து போய்விடும். மறுபடி வருமா என்பது யாருக்குத் தெரியும்?

இதைத் தடுக்க ஒரு சட்டமே இருக்கிறது. 2021ல் டெக்சஸ் சட்டமன்றம் நிறைவேற்றிய எஸ்பி 179, கவுன்சிலரின் வேலை நேரத்தில் குறைந்தது 80 சதவீதம் கவுன்சலிங் பணிகளுக்கே போகவேண்டும் என்கிறது. தேர்வு நடத்துவது அந்தக் கணக்கில் சேராது. முடியாது என்று ஒரு மாவட்டம் சொன்னால், ஏன் என்று காரணத்தை எழுத்தில் வைக்கவேண்டும். யாரும் கேட்காவிட்டால் அது காகிதத்திலேயே கிடக்கும். கவுன்சிலரே கேட்கலாமே என்று தோன்றும். டெக்சஸில் பள்ளி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யமுடியாது. கூட்டுப் பேரத்துக்கும் சட்டம் இடம் தருவதில்லை. கேட்டால் அவருக்கு ஆபத்து. நாம் கேட்டால் நமக்கு ஒன்றும் ஆகாது.

அதே சட்டமன்றம்தான் 2023ல் எஸ்பி 763 கொண்டுவந்தது. கவுன்சிலர் உரிமம் இல்லாத மதபோதகர்களைப் பள்ளிகளில் வைத்துக்கொள்ளலாம், பாதுகாப்பு நிதியிலிருந்தே சம்பளம் கொடுக்கலாம் என்றது. ஒவ்வொரு போர்டும் 2024 மார்ச் 1க்குள் ஓட்டெடுப்பு நடத்தவேண்டும் என்று கெடுவும் வைத்தது. டெக்சஸின் நூற்றுக்கும் மேற்பட்ட சாப்ளின்களே கையெழுத்திட்டு இது வேண்டாம் என்றார்கள். மருத்துவமனையிலும் சிறையிலும் துயரத்தோடு உட்கார்ந்து பழகியவர்கள் அவர்கள். அந்த வேலைக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு தொழிலுக்குக் கொடுக்கும் மரியாதை என்றால் அது.

அடுத்து, மாணவர்கள். 2021ல் செவன் லேக்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்த கேமரன் சாமுவேல்ஸ் என்ற மாணவர், பள்ளி இணையத்தில் பால்புதுமையினருக்கான தளங்கள் தடுக்கப்பட்டிருப்பதை எதிர்த்துப் போர்டு முன் போய்ப் பேசினார். தடுக்கப்பட்டவற்றில் ஒன்று த ட்ரெவர் ப்ராஜெக்ட். இளம் பால்புதுமையினர் தற்கொலை எண்ணத்தில் இருக்கும்போது கூப்பிடுகிற உதவி அமைப்பு. அந்தப் பக்கத்தைத்தான் பள்ளிக் கணினி திறக்கவிடாமல் செய்தது! ஏசிஎல்யூ துணையோடு நடந்த போராட்டத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அந்தத் தளம் திறந்துவிடப்பட்டது. சாமுவேல்ஸும் நண்பர்களும் சீட் என்ற மாணவர் அமைப்பை உருவாக்கினார்கள். ஆங்கிலத்தில் தன்னைத் 'தே' என்று குறிப்பிடச் சொல்பவர் சாமுவேல்ஸ். தமிழில் 'அவர்' என்று எழுதினால் வேலை முடிந்தது. இதற்கா இவ்வளவு சண்டை என்று நினைத்துக்கொள்வேன்.

சண்டை ஓயவில்லை. 2023 ஆகஸ்ட் 28 அன்று கேட்டி போர்டு 4-3 என்ற ஓட்டில் ஒரு கொள்கையை நிறைவேற்றியது. ஒரு மாணவர் தன்னைத் திருநர் என்று சொன்னாலோ, வேறு பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாலோ, ஊழியர்கள் பெற்றோருக்குத் தெரிவிக்கவேண்டும். பெற்றோருக்குத் தெரியக்கூடாதா என்று நம் ஆன்ட்டிகள் கேட்பார்கள். தெரியலாம், தெரிந்தால் நல்லதும்கூட. ஆனால் எப்போது, எப்படிச் சொல்வது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கவேண்டும். வீட்டில் என்ன நடக்கும் என்று அதற்குத்தானே தெரியும்? நாம் வளர்ந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். நம்பிப் பேசக் கிடைத்த ஒரே பெரியவரை ஒற்றராக மாற்றிவிட்டால் அந்தப் பிள்ளை அப்புறம் யாரிடமும் பேசாது. கவுன்சிலரின் கையில் இருப்பது நம்பிக்கை ஒன்றுதான். இந்தக் கொள்கை அதைப் பிடுங்கிக்கொள்கிறது.

2025ல் வந்த எஸ்பி 12 பால்புதுமை மாணவர் மன்றங்களையே தடைசெய்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் சீட்டும் உண்டு, டெக்சஸ் ஏஎஃப்டி என்ற ஆசிரியர் சங்கமும் உண்டு. மாணவரும் தொழிற்சங்கமும் ஒரே பக்கம் நிற்கும் இடத்தில்தான் நாமும் நிற்கவேண்டும்.

இதெல்லாம் நம் ஊர் வழக்கமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்னையில் 1986ல் லக்ஷ்மி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகாவில், போனில் அழைப்பவர் சொல்வது வெளியே போகாது. அதுதான் அதன் அடித்தளம். அவர் காது கொடுத்துக் கேட்டதோடு நிற்கவில்லை. ஒரு பாடத்தில் தோற்றாலும் ஒரு வருஷமே போய்விடும் என்ற நிலை தமிழ்நாட்டில் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் அரசு விதியை மாற்றி, சில வாரங்களிலேயே மறுதேர்வு எழுத வழிசெய்தது. அதன்பின் தேர்வுத் தோல்வியை ஒட்டிய தற்கொலைகள் குறைந்ததை அவர் எழுதியிருக்கிறார். பிள்ளையைத் தேற்றுவது ஒரு பக்கம், பிள்ளையை நெருக்கும் விதியை மாற்றுவது மறுபக்கம்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரத்தையும் நினைத்துக்கொள்கிறேன். நிபுணர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய மண்ணில் அவர் ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் அவரும் ஒருவர். இன்னொருவரான ரஜனி திராணகம 1989ல் சுட்டுக் கொல்லப்பட்டார். துயரத்தைக் கேட்பதையும் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்வதையும் இவர்கள் தனித்தனி வேலையாகப் பார்க்கவில்லை.

கேட்டியில் அது எங்கிருந்து வருகிறது? எச்-1பி வேலை போனால் குடும்பத்துக்கு 60 நாள்தான். எச்-4ல் இருக்கும் பிள்ளைக்கு 21 வயதானால் அந்த விசா முடிந்துவிடும். பத்து வயதிலிருந்து இந்தத் தேதியை மனதில் சுமக்கும் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? கவுன்சலிங் போகலாம் என்றாலும் வீட்டில் கேள்வி வருகிறது: "ரெக்கார்டுல ஏறிடுமா? விசாவுக்குப் பிரச்சினை ஆகுமா?" இந்தப் பயத்தை உட்கார்ந்து பேசித் தீர்க்கத் தமிழ் தெரிந்த ஆள் பள்ளியில் கிடைப்பது அபூர்வம். 2022 சட்டத்தின் கீழ் பள்ளி மனநல ஊழியர்களைப் பயிற்றுவிக்கவும் நியமிக்கவும் ஒதுக்கிய நிதியில் சுமார் 100 கோடி டாலரை 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த தலைமுறைக் கவுன்சிலர்கள் உருவாகும் இடத்திலேயே கைவைத்தார்கள்.

ஆகவே, செய்யவேண்டியவை.

ஒன்று: உங்கள் மாவட்டத்தின் எஸ்பி 179 கொள்கையைக் கேட்டு வாங்குங்கள். 80 சதவீதம் நடக்கிறதா என்று போர்டின் பொதுக் கருத்து நேரத்தில் பெயர் கொடுத்துப் பேசுங்கள். கிடைப்பது சில நிமிடம்தான். சாமுவேல்ஸுக்குக் கிடைத்ததும் அவ்வளவுதான்.

இரண்டு: ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெற்றோரிடம் டிசாட் பற்றிச் சொல்லுங்கள். சான்டா ஃபே பள்ளியில் 2018ல் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து 2019ல் உருவான திட்டம் இது. சேர்ந்திருக்கும் பள்ளிகளின் மாணவர்களுக்கு வீடியோ வழியாக இலவசமாக மனநல உதவி கிடைக்கிறது. பெற்றோர் சம்மதம் வேண்டும்; அந்தக் கையெழுத்துக்கு முன்னால் நிற்கும் பயத்தைத் தமிழில் பேசிப் போக்க நம்மால் முடியும். 988 என்ற எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மூன்று: சங்கத்தில் அடுத்த வருஷம் யாருக்குப் பொன்னாடை என்று பேச்சு வந்தால், அந்தச் செலவுக்குப் பதில் ஒரு கடிதம் கேளுங்கள். கவுன்சிலர்களைத் தேர்வு வேலையிலிருந்து விடுவியுங்கள், ஒற்றர் வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று சங்கத்தின் பெயரில், போர்டுக்கு.

கடைசியாக ஒன்று. கேட்டி போர்டு தேர்தல் வழக்கமாக மே மாதத்தில், வெகு சிலரே ஓட்டுப்போட, சத்தமில்லாமல் நடந்து முடிகிறது. நம் பெற்றோரில் பலருக்கு இங்கே வாக்குரிமை இல்லை. இங்கே பிறந்த நமக்கு இருக்கிறது. 2023ல் அந்தக் கொள்கை ஒரே ஒரு ஓட்டில்தான் நிறைவேறியது.